மூன்று விரற்கடை

அலுமினியக் கிண்ணத்தில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. மேலே ஏடு படிந்து, ஏட்டின்மேல் ஓர் ஈ உட்கார்ந்து கையோடு கை தேய்த்துக்கொண்டிருந்தது. நான் அந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கைகள் முழுசாக இருந்தன.

அக்கா வாழையிலைமேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவளுடைய இடது கையை என் மடிமேல் மல்லாத்தி வைத்திருந்தேன். உள்ளங்கையைச் சுற்றித் துணிக்கட்டு. கட்டு முடிகிற இடத்தில் மணிக்கட்டு ரேகை, கறுப்பு நூலால் இழுத்துக் கட்டினாற்போல. அதிலிருந்து முழங்கைப் பக்கமாக, முன்கையின் உள்புறத்தில், ஒரு சாண் நீளத்துக்குத் தோல் இருந்தது. வழவழப்பாக, மினுமினுப்பாக, ஒன்றுமே நடக்காதது போல.

அந்த ஒரு சாண் தோலுக்குள் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அமுக்கினால் வாந்தி நிற்கும். வாந்தி நின்றால் கஞ்சி தங்கும். கஞ்சி தங்கினால் தோல் வரும். அன்றைக்கு எனக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்.

என் மூன்று விரல்களைச் சேர்த்து ரேகைமேல் படுக்கவைத்தேன். விரல்கள் முடிந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றினேன்.

"ஏலே, மெதுவா. இது ஒங்க அச்சாபீசு கல்லு இல்ல" என்றாள் அக்கா.

அஞ்சலட்டை

இந்தப் பக்கங்களில் அச்சாபீசைப் பற்றி எழுதினேன். மழை பொய்த்த வருஷங்களைப் பற்றி எழுதினேன். நடுவில் ஏதோ ஒரு வாரம், "அப்போது அக்கா உயிரோடு இருந்தாள்" என்று ஒரு வரியை வைத்துவிட்டு, வெயிலில் வெறுங்காலோடு தார் ரோட்டைத் தாண்டுகிறவன் மாதிரி அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன்.

சாத்தூரிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்திருக்கிறது. அந்த அக்கா என்ன ஆனார்? அவ்வளவுதான் கேள்வி. கீழே பெயர்கூட இல்லை. எழுத்தின் உருண்டையைப் பார்த்தால் பெண் கை என்று தோன்றியது. அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்தால் முகவரிப் பக்கம் மேலே வருகிறது, அதில் என் பெயர் இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் தப்பிக்க முடியாத காகிதம் அது.

அக்காவின் பெயர் சோலையம்மா. எங்கள் அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். கரிசல் வெடித்துக் கிடந்த ஒரு கோடையில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் மாமா இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை, காய்ச்சலில் போனார். அவள் ஒரு தகரப் பெட்டியோடு சிவகாசியில் நான் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு வந்தாள். வந்ததும் முதல் வேலையாக என் சட்டையை முகர்ந்து பார்த்து, "மையி நாத்தம். ஒனக்கு எவ பொண்ணு தருவா" என்றாள்.

பொண்ணு வந்தாள், பிற்பாடு. அவளை அக்கா பார்க்கவில்லை.

திரி

அறுபதுகளின் நடுப்பகுதி. ஐம்பதுகளில் சின்னப் பெண்ணாக அக்கா தீப்பெட்டிக் கம்பெனியில் சட்டத்தில் குச்சி அடுக்கியவள். கை அவ்வளவு வேகம். பிறகு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காட்டுக்குள் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். விடியுமுன் லாரி வரும். தூக்குவாளியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஏறுவாள். திரும்பி வரும்போது வெள்ளிச் சிலை மாதிரி வருவாள். அலுமினியப் பவுடர். காது மடலுக்குப் பின்னால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. குளித்த பிறகும் தலையணையில் கொஞ்சம் மினுங்கும்.

அவளுக்குத் திரி வெட்டுகிற வேலை. வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டிய நீளத் திரிகள் கட்டுக் கட்டாக வரும். அதை ஒரே அளவாக நறுக்க வேண்டும். அளவுகோலைத் தேடிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. இடது கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்துத் திரிமேல் படுக்கவைப்பார்கள், விரல் முடிகிற இடத்தில் கத்தி விழும். மூன்று விரற்கடை, மூன்று விரல் அகலம். ஒவ்வொருத்தியும் தன் விரலை வைத்துத்தான் நறுக்குவாள். அதனால் யார் கூடை என்று திரியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அக்காவுக்கு மெல்லிய விரல்கள். அவள் திரி மற்றவர்கள் திரியைவிட ஒரு நெல் நீளம் குட்டையாக இருக்கும். அதை வைத்து ஃபோர்மேன் ஓயாமல் கிண்டலடிப்பாராம். சோலையம்மா திரியைப் பற்றவைக்கிறவனுக்குக் காலில் தெம்பு வேண்டும் என்பாராம். அக்கா சொன்ன பதிலைச் சாயங்காலம் என்னிடம் நடித்துக் காட்டினாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"எங்க ஆத்தா எனக்கு இம்புட்டு வெரல்தான் குடுத்தா. தடிச்ச வெரல்காரி வேணும்னா வேற ஊர்ல தேடிக்கோங்கன்னுட்டேன்."

சீசன் காலத்தில் கட்டுகளை வீட்டுக்கும் கொண்டுவருவாள். அது கூடாது என்று கம்பெனியில் போர்டு இருந்தது. போர்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் கட்டைப் பிரித்துக் கொடுப்பார்கள். நறுக்கியதில் மீந்து போன நாலைந்து துண்டுகளை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு மாடக்குழியில் வைத்திருந்தாள். விளக்குப் பக்கத்தில் வைக்காதே என்று நான் சொன்னதற்கு, "பயந்தாங்கொள்ளி" என்று பெயர் கிடைத்தது.

தப்பிய தோல்

தீ எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. வெடிமருந்து கலக்கிற ஷெட்டில் வந்தது, பக்கத்து ஷெட்டுக்குத் தாவியது என்றார்கள். விசாரணைக்கு வந்தவர்களும் அதையேதான் எழுதிக்கொண்டு போனார்கள். வெயில், காற்று, ஓர் இரும்புக் கரண்டி, யாரோ ஒருத்தியின் வளையல், இப்படி ஆளுக்கொரு காரணம். அன்று மூன்று பேர் அங்கேயே முடிந்துபோனார்கள். என் அக்கா முடியவில்லை.

அவள் கைகளில் மருந்து ஒட்டியிருந்தது. அதனால் கைகள்தான் முதலில் பற்றின. பற்றிய கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு குப்புற விழுந்தாளாம். முதுகில் தீ போனது. வலது கை முழங்கைக்கு மேல்வரை போனது. இடது கையில் நடு மூன்று விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த அந்த முன்கையின் உள்புறம் மட்டும், தாய்க்கோழிக்குக் கீழே கிடந்த குஞ்சு மாதிரி, தப்பித்துக்கொண்டது.

மாதக்கணக்கில் மதுரையில் கிடந்தோம். பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த டாக்டர் நல்ல மனிதர். ஆற அமர ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார். இனிமேல் மருந்தில் பாதி, சாப்பாட்டில் பாதி. வயிற்றுக்குள் போவது தங்கினால்தான் புதுத் தோல் கட்டும். தங்காவிட்டால் புண் அவளைத் தின்றுவிடும்.

தங்கவில்லை. எதைக் கொடுத்தாலும் கந்தகம் மணக்கிறது என்றாள். கஞ்சியில் கந்தகம், மோரில் கந்தகம், இளநீரில் கந்தகம். இரண்டு மடக்கு உள்ளே போனால் மூன்று மடக்கு வெளியே வரும். வாந்தி எடுக்க உடம்பை வளைத்தால் முதுகுப் புண் வெடிக்கும். வெடித்தால் கத்துவாள். கத்தினால் மறுபடியும் குமட்டும்.

மார்க்கெட்டிலிருந்து தினமும் தலைவாழை இலை வாங்கிவந்து அவளுக்கு அடியில் விரிப்பேன். துணி என்றால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவும் அடித்துப் பூசிய மணம் அந்த அறையின் சுவரில் ஏறிவிட்டது.

"பந்தியில எலை போட்டு என்னையே பரிமாறி வச்சிருக்கியேலே" என்றாள் ஒருநாள். நான் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாள்.

ரங்கூன்காரி

அந்தச் சமயம்தான் பர்மாவிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு குடும்பம் வந்தது. குடும்பம் என்றால் ஒரே ஒருத்தி. சின்னத்தாயி. அவள் அப்பா பிழைக்கப்போன இடத்திலேயே பிறந்து வளர்ந்தவள். புருஷன் பின்னால் வருகிறேன் என்று சொல்லி அங்கேயே நின்றுகொண்டான். இங்கே சொந்தம் என்று அவள் தேடி வந்த வீட்டுக்காரர்கள் தாழ்வாரத்தில் ஒரு மூலையைக் காட்டினார்கள். தெரு அவளுக்கு ரங்கூன்காரி என்று பெயர் வைத்தது. என் வயதுதான் இருக்கும். பூப்போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டு அவள் குழாயடிக்கு வந்தால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள்.

ஒருநாள் காலை, வாந்தித் துணிகளைக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தேன். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் கையில் ஒரு மஞ்சள் பையும், பைக்குள் அகதிக் காகிதங்களும் இருந்தன. விருதுநகர் ஆபீசுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிறாள். பஸ் வருவதற்குள் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் தன் கையை மல்லாத்தி வைத்துக் காட்டினாள்.

ரங்கூனில் அவளுக்குப் பக்கத்து வீடு ஒரு சீனத்தி. சப்பாத்துச் செருப்பு தைக்கிறவன் பெண்டாட்டி. சின்னத்தாயிக்கு வயிற்றில் பிள்ளை தங்கி மசக்கையில் கிடந்தபோது அந்தச் சீனத்திதான் கையைப் பிடித்து அமுக்கினாளாம். பிள்ளை நிலைக்கவில்லை, வாந்தி நின்றது. அவர்கள் வைத்தியத்தில் உடம்பு முழுக்க ஆறு ஓடுகிற மாதிரி தடங்கள் உண்டு, தடத்தில் துறைகள் உண்டு. சிலவற்றில் ஊசி குத்துவார்கள், சிலவற்றுக்கு விரலே போதும். இந்த இடத்துக்கு அவர்கள் பாஷையில் ஒரு பெயர், உள்வாசல் மாதிரி ஒரு அர்த்தமாம். கப்பலில் வரும்போது பாதிச் சனம் தலை தூக்க முடியாமல் கிடந்தது. அவள் வரிசையாக ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள்.

"கையை மூடி லேசா மடக்குங்க. ரெண்டு நரம்பு கயிறாட்டம் எந்திரிக்கும். ரேகையில இருந்து மூணு வெரக்கடை மேல ஏறி, அந்த ரெண்டுக்கும் நடுவுல கட்டைவெரலை ஊனுங்க. மூச்சை எண்ணிக்கிட்டே அமுக்கி அமுக்கி விடுங்க. எடம் சரியா இருந்தா ஒரு மந்தம் வரும்ணே. வலி இல்ல. எறும்பு ஊர்ற மாதிரி நடுவெரலுக்கு ஓடும்."

பஸ் வந்துவிட்டது. படியில் ஏறிக்கொண்டே, திரும்ப மூன்று நாளாகும் என்றாள்.

கல்லும் நிறமும்

அச்சாபீசில் என் வேலை என்ன என்று முன்பே எழுதியிருக்கிறேன். கல்லில் படம் எழுதித் தீப்பெட்டி லேபிள் அடிப்போம். ஒரு நிறத்துக்கு ஒரு கல். கிளி லேபிள் என்றால் முதலில் பச்சை, பிறகு மூக்குக்குச் சிவப்பு, பிறகு கண்ணுக்கு மஞ்சள். காகிதம் மயிரிழை நகர்ந்தால் மூக்கு கன்னத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்ததைக் கண்டுபிடித்துத் தாளைக் கிழித்துப் போடுகிறவன் நான்தான். நூறு தாளைப் புரட்டி ஒரு தவறைப் பிடிப்பேன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் மூன்று நாள் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அக்காவால் கையை மூட முடியாது. மூட விரல் இல்லை. மணிக்கட்டை மடக்கினால் அலறுவாள். அதனால் கயிறு மாதிரி எழும்பும் நரம்புகளை நான் பார்க்கவே இல்லை. தடவிப் பார்த்து ஊகித்தேன். மிச்சமிருந்தது மூன்று விரற்கடை மட்டும். கல் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன என் விரல்கள் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் தடிமன். அவற்றைச் சேர்த்து வைத்து, முடிகிற இடத்தில் அமுக்கினேன்.

காலையில் வேலைக்குப் போகுமுன், மத்தியானம் ஓடிவந்து, சாயங்காலம் வந்ததும். மூச்சை எண்ணுவேன். கஞ்சியை ஊட்டுவேன். கஞ்சி திரும்பி வரும். திரும்பி வந்ததும் இன்னும் பலமாக அமுக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைப்பேன். அமுக்கிய இடம் முதலில் சிவந்தது, பிறகு நாவல் பழம் மாதிரி கன்றியது. அவள் உடம்பில் நல்லதாக மிச்சமிருந்த ஒரே இடம். அதையும் கன்ற வைத்தேன்.

மந்தம் வருகிறதா என்று கேட்டால், "வருதுலே, வருது" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எனக்காகச் சொல்கிறாள் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

இரண்டாம் நாள் விடிந்ததிலிருந்து அவள் வயிற்றில் ஒரு சங்கு தண்ணீர்கூடத் தங்கவில்லை. கன்னத்து எலும்பு மேலே வந்துவிட்டது. அன்று அச்சாபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணை அக்காவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு இருக்கன்குடிக்கு ஓடினேன். அங்கே கோவில் வாசலில் உடம்பின் உறுப்புகளைத் தகட்டில் அடித்து விற்பார்கள். கண், கால், கை. வேண்டிக்கொண்டு மாரியம்மனுக்குப் போட வேண்டியது. ஒரு கையை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். உண்டியலுக்குப் பக்கத்துத் தட்டில் ஆயிரம் கைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே அச்சு, ஒரே அளவு. பீடி சுற்றுகிறவள் கைக்கும், கிணறு வெட்டுகிறவன் கைக்கும், பிள்ளையின் கைக்கும் அதே அளவு. என் கையையும் அதன்மேல் போட்டேன். போட்டதும் எது நான் போட்ட கை என்று தெரியவில்லை.

அந்தக் குவியலுக்கு முன்னால் நின்றபோதாவது எனக்குப் புத்தியில் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. சாமியிடம் அழுதுவிட்டுத் திரும்பிவந்து, மறுபடியும் அதே இடத்தில் அமுக்கினேன்.

மாடக்குழி

மூன்றாம் நாள் மாலை, வெயில் இறங்குகிற நேரம், சின்னத்தாயி பஸ் இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆபீசில் வேறொரு காகிதம் கேட்டார்களாம், அது ரங்கூனிலேயே இருக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். கன்றலைப் பார்த்தாள். தன் கட்டைவிரலை அதன்மேல் வைக்கப்போய், வைக்காமல் நிறுத்தினாள்.

"யாரு வெரலை வச்சு அளந்தீக?"

என் விரல்களைக் காட்டினேன். அவள் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அது ஒங்க கைக்கு அண்ணே. அக்கா கைக்கு அக்கா வெரலு. அவுக அவுக ஒடம்புக்கு அவுக அவுக வெரலுதான் கோலு. நான் சொல்லாம போயிட்டேனே."

கப்பலில் அவள் பிடித்த ஒவ்வொரு கைக்கும் அந்தந்த ஆளின் விரலைத்தான் வைத்திருக்கிறாள். அது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. எனக்கோ, கேட்க வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. தினம் தினம் மூன்று விரலால் திரி நறுக்கிய ஒருத்தியோடு, விரலுக்கு விரல் அளவு மாறும் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்த வீட்டில் இருந்துகொண்டு, தோன்றவில்லை.

மூன்று பேரும் அந்தத் துணிக்கட்டைப் பார்த்தோம். அதற்குள் அளப்பதற்கு எதுவும் இல்லை. வலது கையில் விரல் என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. சின்னத்தாயி தன் விரலை வைத்துப் பார்த்தாள், தலையை ஆட்டிக்கொண்டாள். தன்னுடையதைவிடவும் மெல்லிசாக இருந்திருக்கும் என்றாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"ஏலே, மாடக்குழியில டப்பா இருக்கு பாரு. எம் மூணு வெரலும் அதுலதான் கெடக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. சின்னத்தாயிதான் எழுந்துபோய் எடுத்தாள். டப்பாவுக்குள் ஐந்து திரித் துண்டுகள். அவள் இடது கையின் மூன்று விரல்களைப் படுக்கவைத்து, முடிகிற இடத்தில் நறுக்கியவை. ஐந்தும் ஒரே நீளம். அளவு பிசகாத கை.

ஒரு துண்டை எடுத்து மணிக்கட்டு ரேகையில் ஒரு நுனியை வைத்து முழங்கைப் பக்கமாக நீட்டினோம். மறுநுனி நான் கன்ற வைத்த இடத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஒரு விரல் தள்ளி, அதற்குமேல் ஒரு நெல் தள்ளி நான் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று நாளும்.

சின்னத்தாயி சுட்டுவிரலால் குறுக்கே தடவி இரண்டு நரம்பையும் பிரித்தறிந்து, நடுவில் கட்டைவிரலை வைத்தாள். மூச்சை எண்ணினாள். ஏழோ எட்டோ எண்ணியிருப்பாள்.

"அய்ய" என்றாள் அக்கா. "நடுவெரலுக்கு ஓடுதுடி. இல்லாத வெரலுக்கு."

ஐந்து நாள்

அன்று அவள் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். நாங்கள் கிண்ணத்தையும் அவள் தொண்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கியது.

ஐந்து நாள் தங்கியது. சின்னத்தாயி பகலில் அமுக்கினாள், காலையும் மாலையும் நான். ஒவ்வொரு தடவையும் திரியை வைத்து அளந்துதான். இனிமேல் என் கண்ணை நம்புவதாக இல்லை. நாலாம் நாள் உப்பு உறைக்கிறது என்றாள். கருவாட்டுக் குழம்பு கேட்டாள். ரங்கூனில் கருவாடு உண்டா, அந்தச் சீனத்தி என்ன சாப்பிடுவாள், லுங்கியை நடக்கும்போது அவிழாமல் எப்படி முடிவது என்றெல்லாம் சின்னத்தாயியைக் குடைந்தாள். உன் புருஷன் வருவானா என்றும் கேட்டாள். வரமாட்டான் என்று சின்னத்தாயி சொன்னதும், "அப்ப இங்கனயே இரு. இவனுக்கு மையி நாத்தம் தெரியாத பொண்ணு வேணும்" என்றாள். சின்னத்தாயி எழுந்துபோய் அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பை.

அந்த ஐந்து நாளில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அதை எழுதத்தான் கை கூசுகிறது. வராமலே இருந்திருந்தால் இத்தனை வருஷமும் வேறு மாதிரி போயிருக்கும்.

ஆறாம் நாள் காலை உடம்பு கொதித்தது. கம்பவுண்டரைக் கூட்டிவந்தேன். முதுகுக் கட்டை அவிழ்த்தவர் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புண்ணுக்குள் விஷம் ஏறிவிட்டது என்றார். மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். வழியில் தாங்காது என்றார். அந்த முதல் மூன்று நாளும் கஞ்சி தங்கியிருந்தால் உடம்பு எதிர்த்து நின்றிருக்குமா என்று கேட்டேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டே இருந்தார். கொக்கி மாட்ட மறுத்தது.

"அதுக்கெல்லாம் யாருப்பா பதில் சொல்ல முடியும்" என்றார் கடைசியில்.

யாரும் சொல்லவில்லை. பிற்காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களிடம், வேறு யாருக்கோ நடந்தது மாதிரி கேட்டுப் பார்த்தேன். அப்படிப்பட்ட புண்ணுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் என்ன செய்யும் என்றார் ஒருவர். மூன்று நாள் பட்டினி சாதாரண விஷயமில்லை என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். இரண்டு உண்மைக்கும் நடுவில்தான் நான் படுத்து எழுகிறேன்.

மூச்சு

மறுநாள் மத்தியானம். தெருவில் வெயில் வெள்ளையாக நின்றது. தூரத்தில் எங்கோ வெடியைச் சோதித்துப் பார்க்கும் சத்தம், ஒவ்வொன்றாக. அக்கா என்னைக் கூப்பிட்டாள். கையைப் பிடி என்றாள்.

"வாந்தி வருதாக்கா?"

"இல்லலே. சும்மா அமுக்கு. வேற எங்கன தொட்டாலும் எரியுது. அங்கன தொட்டாத்தான் ஆளு தொட்ட மாதிரி இருக்கு."

திரியை எடுத்து ரேகையில் வைத்தேன்.

"இன்னுமா அளக்க" என்றாள். அவள் உதடு ஓரமாக இழுபட்டது. சிரிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அமுக்கினேன். மூச்சை எண்ணிக்கொண்டே அமுக்க வேண்டும் என்று சின்னத்தாயி சொல்லியிருந்தாள். யார் மூச்சை என்று அவள் சொல்லவில்லை, இதையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. என்னுடையதையும் அக்காவுடையதையும் சேர்த்தே எண்ணினேன். எங்கேயோ ஓர் எண்ணிலிருந்து அந்த அறையில் ஒரே ஒரு மூச்சுதான் கேட்டது. எண்ணுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தெரிந்துவிடும்.

சின்னத்தாயி வந்து என் கட்டைவிரலைப் பிடித்து எடுத்தாள். ஒட்டிக்கொண்டதை எடுப்பது மாதிரி மெல்ல எடுத்தாள்.

குளிப்பாட்டுவதற்குத் தெருப் பெண்கள் வந்தார்கள். குழாயடியில் குடத்தை நகர்த்திய அதே பெண்கள். அவர்களில் ஒருத்தி அக்காவின் இடது கையைத் தூக்கி, நல்லாயிருக்கிற தோலில் இது என்ன என்று கேட்டாள்.

இரண்டு கன்றல்கள். கீழே ஒன்று, சின்னது, லேசாகச் சிவந்திருந்தது. அது அக்காவின் அளவு. அதற்கு மேலே, ஒரு விரலும் ஒரு நெல்லும் தள்ளி, கறுத்துப்போய் ஒன்று. அது என்னுடையது.

நான் வாய் திறந்தேன். சின்னத்தாயி முந்திக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில ஊசி போட்ட எடம்" என்று சொல்லி, அக்காவின் சேலைத் தலைப்பை இழுத்து அந்தக் கையை மூடினாள்.